பிச்சாவரம் காப்புக்காட்டில் புராஜெக்ட் செய்த அனுபவம்

எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டருக்கு நான் எடுத்த தலைப்பு, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மீன்முள் வாய்க்கால் வெட்டி வளர்த்த மரங்கள். படகுச் சவாரி டிக்கெட்டை வைத்து இதெல்லாம் செய்ய முடியாது, அது காப்புக்காடு. துறைத் தலைவர் கடிதத்தோடு வனத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த இடம், எந்த மாதம், என்ன எடுத்து வருவோம் என எல்லாமே கேட்டார்கள். மண்ணும் இலையும் எடுப்பதைத் தனியாகக் குறிப்பிட்டு மறுபடி எழுதிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

வாய்க்கால் எதற்கு என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள இந்தக் காட்டில் ஆங்கிலேயர் காலத்திலேயே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொத்தமாக மரம் வெட்டினார்கள். நிழல் போன மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறியது. அந்த உப்பை உமரிச் செடி தாங்கும், கண்டல் மரம் தாங்காது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்மக்கள் சேர்ந்து ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகப் பிரியும் கிளைகளும் வெட்டினார்கள். தண்ணீர் வந்து போக, உப்பு இறங்கி, கரைச்சரிவில் வெண்கண்டல் பிடித்துக்கொண்டது.

களத்தில் என் அட்டவணை செல்லுபடியாகவில்லை. கூட வந்த இருளர் அக்கா, “கடியாரத்த உள்ள வை பாப்பா, தண்ணி வத்தட்டும்” என்றார். வத்திய பிறகு இறங்கினால் முழங்கால்வரை சேறு, அடியில் ஆணி ஆணியாய் மூச்சுவேர். நான் கயிறு கட்டிக் கட்டம் போடுவதற்குள் அவர் மீன் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடித்துவிட்டார். தில்லை மரக் கிளையை ஒடிக்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நீரோட்டமுள்ள கிளைகளில் கடல்நீரின் அளவை ஒட்டியே உப்பு. வாய் தூர்ந்த கிளைகளில் அதைவிட மிக அதிகம், மர நுனிகளும் காய்ந்திருந்தன. நடவுக்கு எல்லோரும் போட்டோ எடுக்க வருகிறார்கள். தூர்வாரக் கூலி கேட்டால்தான் நிதி இல்லை. எனக்கு இதில் கோபம்தான். ஆய்வறிக்கையில் நாகரிகமாக எழுதினேன்.

அறிக்கையின் பிரதியை வனத்துறைக்குக் கொடுப்பது அனுமதியிலேயே இருந்த நிபந்தனை. பைண்டிங் கொடுக்கும்போதே ஒரு பிரதி கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.