சரவாங்கி: வாரம் ஒரு மாத்திரையும் காலை நேரத்து விரல்களும்

ஊரில் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதத்துக்கு டாக்டர் பெரும்பாலும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட். இது தினசரி மாத்திரை இல்லை, வாரத்துக்கு ஒரே நாள்தான். தெரியாமல் தினமும் போட்டவர்களுக்கு வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அதனால் கிழமையை முடிவு செய்து மாத்திரை அட்டை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மறுநாள் அசதியாக இருக்கும் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி இரவு வசதி.

கடையில் அட்டை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் மி.கி. பாருங்கள். 15 மி.கி. சாப்பிடுகிறவர் 2.5 மி.கி. மாத்திரையில் ஆறு எண்ணுவார். கடைக்காரர் 10 மி.கி. அட்டையை எடுத்துக் கொடுத்து, பழக்கத்தில் அதே ஆறை எண்ணினால் 60 மி.கி. உள்ளே போய்விடும்!

டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. போட வேண்டும். குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைய அது உதவும். ரத்த அணு, கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லாத மாதத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் டாக்டரைக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். அந்தத் தொற்றுக்குத் தரும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதோடு சேரக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நோய் அடங்குகிறதா என்பதைக் காலையில் விரல்களே சொல்லும். எழுந்ததிலிருந்து விரல் இளகும் வரை எத்தனை நிமிஷம் என்று காலண்டரில் குறியுங்கள். அரை மணியாக இருந்தது ஒன்றரை மணியாகி ஒரு வாரம் நீடித்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைத்து, மெல்ல மூடித் திறந்தால் இறுக்கம் தளரும். மூட்டு சிவந்து சுட்டால் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ்தான். அந்த நேரத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும்.

சமையலறையில் விரல் நுனிக்குப் போகும் பாரத்தை உள்ளங்கைக்கும் முன்கைக்கும் மாற்றுவதுதான் வழி. குக்கரை ஒரு கைப்பிடியில் தூக்காமல், துணி வைத்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்துங்கள். ஈரத் துணியைக் கையால் முறுக்கிப் பிழியாமல் குழாயில் மாட்டி, இரு முனைகளையும் சேர்த்து ஒரே பக்கமாகச் சுற்றினால் தண்ணீர் வடிந்துவிடும்.