மூன்றாவது விருப்பு

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல். வாக்குச்சீட்டை விரித்தால் அடி மேசைக்குக் கீழே தொங்குகிறது. 39 பெயர்கள். அதில் ஒருவர் போன மாதமே இறந்துவிட்டார். பெயர் மட்டும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே என் முதல் வாக்கு.

வரும் வழியில் அம்மம்மாவுக்கு, மூன்று பேருக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கும் போடலாம் என்று விளக்கினேன்.

"எனக்கு ஒரு புள்ளடி காணும் பிள்ளை" என்றார்.

அதுவும் சரிதான். 1982 முதல் அதுவரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு வந்துவிட்டது.

ஆனால் இம்முறை ரணில், சஜித், அநுர என்று மும்முனைப் போட்டி. எங்கள் பக்கம் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் வேறு. 50 வீதத்தை ஒருவரும் தாண்டாவிட்டால் விருப்பு வாக்குகளையும் எண்ணத்தான் வேண்டும்.

நான் மூன்றும் போட்டேன். மூன்றாவதுக்குத்தான் அதிகம் யோசித்தேன்.