மஞ்சள்கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் முன்

நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டும் வழக்கம் இல்லை. அம்மா தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கையால் இழுத்துப் பிடித்து முட்டையை அறுப்பார். மஞ்சள்கரு சிறிதும் உதிராமல் இரண்டு பாதிகள் கிடைக்கும். ஒரு பாதி எனக்கு, மறுபாதி தங்கைக்கு. அம்மாவுக்கென்று பங்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. 1989இல் சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முட்டை வழங்கத் தொடங்கியபோதுதான் ஒரு முழு முட்டையை நான் தனியாகத் தின்றேன். அதே திட்டத்தில் 2010 முதல் வாரத்துக்கு ஐந்து முட்டைகள் தருகிறார்கள் என்பதும், முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்கு இன்றும் மனநிறைவைத் தருகிற செய்திகள்.

நூலால் அறுத்துக் காப்பாற்றிய அந்த மஞ்சள்கருவைத்தான் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் தட்டின் ஓரத்தில் ஒதுக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. யாரோ சொல்லக் கேட்டு அவர் வெள்ளைக்கருவை மட்டும் உண்டார், அவரைப் பார்த்து அம்மாவும் அவ்வாறே செய்தார். கடந்த ஆண்டு அம்மாவால் தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. அவரைப் பரிசோதித்த மருத்துவர், வயதுடன் தசை குறைவது இயல்புதான் என்றாலும் உணவில் புரதம் மிகக் குறைவாக இருப்பதும் அதை விரைவுபடுத்துகிறது என்று விளக்கினார்.

அன்றிரவு அம்மாவின் ஒரு நாள் உணவைத் தாளில் எழுதிப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறு, நீர்த்த சாம்பார், ரசம், ஒரு பொரியல், இரவில் தோசை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை; 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்குச் சுமார் 46 கிராம் தேவை. அந்தத் தட்டு அதன் அருகில்கூடச் செல்லவில்லை. வயிறு நிறைந்தது, ஆனால் நிறைத்தது பெரும்பாலும் அரிசி.

புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது உண்டு, ஆனால் மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் குறைவு. ஆகவே சோறும் பருப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பருப்பு போதுமான அளவு இருக்க வேண்டும், நம் சாம்பாரில் பல நாள் அது கரைந்த நிறமாக மட்டுமே இருக்கிறது. உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் முட்டையில் தகுந்த விகிதத்தில் இருப்பதால், அந்தச் சோற்றுத் தட்டின் குறையை ஒரே ஒரு முட்டைகூட ஓரளவு ஈடுசெய்கிறது. சுமார் 50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு, 70 கலோரி.

அந்தப் புரதம் முழுவதும் வெள்ளைக்கருவில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள்கருவில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, இறைச்சியை அரிதாக உண்பவர்களுக்குப் பெரிதும் தேவைப்படும் பி12, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், கண்ணின் விழித்திரையில் சேரும் லூட்டீன் ஆகியவற்றுக்கும் இருப்பிடம் அதுவே. அதை ஒதுக்குகிறவர் முட்டையின் பாதிக்கு மேற்பட்ட மதிப்பை ஒதுக்குகிறார்.

கொலஸ்ட்ரால் பற்றிய அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. ஒரு முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது, அந்த அறிவுரை உலகெங்கும் பரவியது. ஆனால் இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உருவாக்குகிறது என்பதும், உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நெய், வெண்ணெய், வனஸ்பதி போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் உயர்த்துகின்றன என்பதும் பின்னர் தெளிவாயின. ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு 1.5 கிராம் அளவே. அதே சங்கம் 2019இல் வெளியிட்ட அறிவுரை, நலமாக உள்ளவர்கள் நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை உண்ணலாம் என்கிறது. நீரிழிவு உள்ளவர்களும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும், இதய நோயாளிகளும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே முறை. இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன்.

முட்டையில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை. சுண்ணாம்புச்சத்து பெரும்பாலும் நாம் எறியும் ஓட்டில் இருக்கிறது. இரும்புச்சத்து இருந்தாலும் உடல் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை. எனவே முட்டையின் பயன் அதனுடன் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முருங்கைக்கீரையை வதக்கி அதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறும் பொரியலை நம் அடுக்களைகளில் எவர் முதலில் செய்தாரோ, அவரை நான் வணங்குகிறேன்: உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கீரையின் கரோட்டீன் கொழுப்பில் கரைவது, மஞ்சள்கருவின் கொழுப்பு அதை உடல் ஏற்க உதவுகிறது. அதே முட்டையை எண்ணெய் வழியும் கொத்து பரோட்டாவில் தினமும் உண்டுவிட்டு, கூடிய எடைக்கு முட்டையைக் குறை சொல்வது நியாயமாகாது.

உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் பச்சை முட்டையைக் குடிப்பதை விட்டுவிட வேண்டும். வேகாத முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் உடல் ஏற்கிறது, வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கை ஏற்கிறது. சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து வேறு. நாட்டுக்கோழி முட்டையின் அடர்ந்த மஞ்சள் நிறம் கோழி தின்ற தீவனத்திலிருந்து வருவதே தவிர, கூடுதல் புரதத்தின் அடையாளம் அன்று. விலை கட்டுப்படியாகாதவர்கள் நாமக்கல் பண்ணை முட்டையைத் தயங்காமல் வாங்கலாம்.

இப்போது அம்மா காலையில் இட்லியுடன் ஒரு முழு முட்டை உண்கிறார், சாம்பாரில் பருப்பைக் கூட்டியிருக்கிறோம், மாலையில் சுண்டல். மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுகிறார். அப்பா மருத்துவரின் சொற்படி வாரத்தில் நான்கு நாள் மஞ்சள்கருவுடன் சாப்பிடுகிறார். இரத்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்கிறது.