செருப்புக்குப் பிடிக்கவில்லையாம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகள் வரும் நாளில் சிரிப்புக்குப் பஞ்சமே இராது. "வெறும் வயிற்றோடுதானே வந்தீர்கள்?" என்று கேட்டால், "ஆமாம் டாக்டரம்மா, நாலே நாலு இட்லிதான்" என்பார் ஒருவர். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவைப் பார்த்த ஒரு பெரியவர், "இரண்டு நாளாகப் பத்தியம் இருந்தேனே! தீபாவளிக்குத் தின்றதையெல்லாமா இது ஞாபகம் வைத்திருக்கிறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கல்யாணத்துக்குப் போகிற அன்று மாத்திரைக்கு லீவு விடுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை.

மருத்துவர்கள் கூடினால் இவற்றைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் நோயாளியின் எதிரில் சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. காரணம் ஒரு பாட்டி.

மாத்திரை வாங்க வந்தவர், கிளம்பும்போது போகிற போக்கில் சொன்னார்: "என் செருப்புக்குக்கூட என்னோடு வரப் பிடிக்கவில்லையம்மா. பஸ்ஸில் ஏறி டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் பார்க்கிறேன், ஒற்றைக் காலில் செருப்பு இல்லை." வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரை மறுபடி உட்காரச் சொன்னேன். செருப்பு கழன்றது தெரியாத காலுக்கு முள் குத்தினாலும் தெரியாது. பல வருடச் சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது முதலில் அடிபடுவது பாதம்தான்.

உணர்ச்சியைச் சோதிக்க ஒரு நைலான் இழை உண்டு. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள் பாட்டி, தொடும்போது சொல்லுங்கள்" என்றேன். கட்டைவிரல், முன்பாதம் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு முடித்தேன். மூடிய கண்ணோடு பொறுமையாகக் காத்திருந்தவர், "எப்போதம்மா ஆரம்பிக்கப் போகிறாய்?" என்று கேட்டார். குதிகாலில் ஒரு கருவேல முள் ஒடிந்து கிடந்தது.

முள்ளை எடுத்து மருந்து வைத்துக் கட்டினோம். பின்பக்கம் வார் வைத்த, மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்புக்கு எழுதிக் கொடுத்தேன். தினமும் இரவில் பேத்தியை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து சர்க்கரை என்று வருகிற எல்லோரிடமும், "செருப்பு கழன்றால் தெரிகிறதா?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு விவசாயி பெருமையோடு சொன்னார்: "நான் செருப்பே போடுவதில்லை டாக்டரம்மா!" அவரையும் உட்காரச் சொல்லி இழையை எடுத்தேன்.