பெங்களூர் காக்ஸ் டவுன் வீடு: விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் நாட்குறிப்பு

8 நவம்பர் 2025, சனி

தெருவில் நின்று பார்த்தால் ஒரே ஓர் அறை, முன்னால் ஓட்டுச் சாய்ப்பு, அதன் நெற்றியில் மரச்சட்டம் அடித்த 'மங்கி டாப்' என்னும் கூம்பு மூடி. வீடு அவ்வளவுதான் என்று தோன்றும். மனை 4,960 சதுர அடி என்று புரோக்கர் சொன்னால் பார்க்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். டேப் பிடித்தால் அவர் சொன்னது சரியாகவே வருகிறது.

மனை கூஜா வடிவம். ரோட்டுப் பக்கம் 22 அடி முகப்பு. அதே அகலத்தில் 40 அடி உள்ளே போய், அங்கிருந்து 48 அடியாக விரிந்து இன்னும் 85 அடி ஓடுகிறது. கழுத்து 880, வயிறு 4,080. கன்டோன்மென்ட்டை ஒட்டிய இந்தப் பகுதிகள் 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலை விட்டு விலகி வாழ எழுந்தவை. அந்தக் கால மனைக்கு 22 அடி முகப்பு இயல்பில்லை. ஆதியில் இது 48க்கு 125, அதாவது 6,000 சதுர அடி. முன்பக்கத்தில் 26க்கு 40 அடித் துண்டைப் பிரித்து விற்றிருக்கிறார்கள். அங்கே இப்போது மூன்று மாடி நிற்கிறது, அதனால்தான் பின்னால் இருப்பது தெரிவதில்லை. இந்த வீட்டின் நல்லது கெட்டது இரண்டுமே அந்தப் பழைய பிரிவினையிலிருந்து வருகிறது.

அளக்கும்போது நீள அகலத்தோடு நிறுத்தக் கூடாது, மூலைவிட்டம் பிடிக்க வேண்டும். 48க்கு 85 நேர் செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 97 அடி 7 அங்குலம் வரும். இங்கே ஒன்று 98 அடி 1 அங்குலம், மற்றது 97 அடி 1 அங்குலம். அப்படியென்றால் மனை ஒரு பக்கமாகச் சுமார் ஒரு அடி சாய்ந்திருக்கிறது. பரப்பு குறையவில்லை. ஆனால் அந்தச் சாய்வு பத்திரத்து வரைபடத்திலும் இருக்கிறதா, இல்லை பின்மதிலைத் திரும்பக் கட்டியபோது நகர்ந்ததா என்பதற்குப் பதில் வேண்டும்.

9 நவம்பர், ஞாயிறு

உள்ளே. கட்டடத்தின் முன்பகுதி 14க்கு 30, பின்பகுதி 36க்கு 34. மொத்தம் 1,644 சதுர அடி, பெங்களூர்க் கணக்கில் பதினாறரைச் சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி). இது சுவரையும் சேர்த்த பிளிந்த் ஏரியா. வெளிச்சுவர் 14 அங்குலம், உள்சுவர் 9. சுவர் மட்டும் ஏறக்குறைய 310 சதுர அடியைத் தின்கிறது. கால் வைத்து நடக்கக் கிடைப்பது 1,330 சொச்சம். புது அபார்ட்மென்ட்டில் 'மூன்று பெட்ரூம்' என்று விற்பதைவிட இது அப்படியொன்றும் பெரிதில்லை.

இருந்தும் பெரிதாகத் தெரிவதற்குக் காரணங்கள் உண்டு. கூரை 13 அடி உயரம். இப்போது கட்டுவது 10 அடி. முன்வாசல், ஹால் கதவு, சாப்பாட்டு அறைக் கதவு, தோட்டத்துக் கதவு நான்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வாசலில் நின்றால் பின்னால் மாமரம் தெரியும். நடு அறைக்குத் தெருப் பக்கமோ பக்கவாட்டிலோ ஜன்னல் இல்லை, ஆனால் ஓட்டு வரிசையில் நான்கைந்து கண்ணாடி ஓடு இருப்பதால் பகலில் விளக்கு வேண்டாம். வாங்குகிறவர் 'ஃபால்ஸ் சீலிங்' போட்டாலோ, நடுக்கதவு ஒன்றை அடைத்து அலமாரி வைத்தாலோ இந்த விசாலத்தில் பாதி அன்றைக்கே போய்விடும்.

சிவப்பு ஆக்சைடு தரை நல்ல நிலையில் இருக்கிறது. மயிரிழை விரிசல் வயசுக்கு வருவது, பயமில்லை. கிழக்குச் சுவரோரம் தெரியும் வெள்ளைப் பூப்புதான் கவனிக்க வேண்டியது. அடியிலிருந்து ஈரம் ஏறி உப்பை வெளியே தள்ளுகிறது. அந்தச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு மூன்றடி உயரத்துக்கு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அது சுவருக்குள்ளேயே மேலேறி நான்காவது அடியில் பொரிந்து நிற்கிறது. சிமென்ட்டை உரித்து மறுபடி சுண்ணாம்பு பூசுவதுதான் மருந்து. மேலே 'டேம்ப் புரூஃப்' பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை மறையும், அவ்வளவே.

12 நவம்பர், புதன்

கூரை. முன்பகுதி மங்களூர் ஓடு, பின்பகுதி மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரம், அதன் மேல் நெட்டுக்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்புக் கான்கிரீட். இரண்டும் சேரும் பள்ளத்தில்தான் ஒழுகும், எல்லா வீட்டிலும் அங்கேதான். பைப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தில் அரை மணி நேரம் தண்ணீர் விட்டுவிட்டு, கீழே போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும். இங்கே பத்து நிமிடத்தில் கறை இறங்கியது. பள்ளத்தில் போட்டிருக்கும் தகடு துருப்பிடித்துவிட்டது. ஓட்டுக்கு அடியில் இரு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் ஏறும்படி புதுத் தகடு போட வேண்டும்.

உத்தரத்தின் நடுப்பகுதியை எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள். அழுகல் நடுவில் வராது, சுவருக்குள் புதைந்த முனையில் வரும். ஸ்க்ரூடிரைவரால் முனையோரம் குத்தினால் நல்ல மரம் நுனியை மட்டும் ஏற்கும். கெட்டது அரை அங்குலம் உள்ளே விடும். பதினேழு உத்தரத்தில் மூன்று அப்படி. மூன்றுமே பாத்ரூம் பக்கம். அவற்றுக்கு அடியில் சுவரையொட்டி இரும்பு ஐ-பீம் கொடுத்துத் தாங்கலாம், கூரையைப் பிரிக்கத் தேவையில்லை.

மொட்டைமாடியில் ஓர் அரசங்கன்று. மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர் போன வழியைத் திறந்து முழுக்க எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்து அடைக்க வேண்டும். 'ஒழுகுதே, இரண்டங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுடலாம்' என்று சொல்லும் மேஸ்திரியை உடனே அனுப்பிவிடலாம். இரண்டங்குலக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 11, 12 கிலோ. ஏற்கெனவே கனமான கூரையில் ஆயிரம் சதுர அடிக்கு 12 டன் ஏறும். ஈரமும் மரத்தோடு சிறைப்படும்.

13 நவம்பர், வியாழன்

கார். பக்கவாட்டுச் சந்து 8 அடி. சின்ன காரே கண்ணாடியோடு சேர்த்து ஆறடிக்கு மேல். உள்ளே ஓட்டிவிடலாம், சந்தில் கதவைத் திறக்க முடியாது; 40 அடி தாண்டி முற்றம் வந்த பிறகுதான் இறங்க வேண்டும். போர்வெல் லாரி நுழையவே நுழையாது. செங்கல், மணல் எல்லாம் ரோட்டில் கொட்டித் தலைச்சுமைதான். ரிப்பேர் எஸ்டிமேட்டில் இந்தக் கூலியைத் தனியாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலையில் சண்டை வரும்.

16 நவம்பர், ஞாயிறு

தோட்டம். கட்டடத்துக்குப் பின்னால் 48க்கு 51, பக்கத்தில் 12க்கு 34. ஆக 2,856 சதுர அடி. நகரத்துக்குள் இவ்வளவு மண்தரை கிடைப்பதுதான் இந்த வீட்டின் உண்மையான சொத்து. பாதாமி மா ஒன்று, பலா ஒன்று, பட்டர் ஃப்ரூட், சப்போட்டா, இரண்டு தென்னை, வேலியோரம் கறிவேப்பிலைக் காடு, ஒரு கிணறு.

மா நல்ல இடத்தில் இருக்கிறது, சுவரிலிருந்து 25 அடி. பலா சுவரிலிருந்து ஆறடி. அந்தப் பக்கத்துத் தளத்தில் ஏற்கெனவே ஒரு நீள விரிசல். வேர்தான் காரணம் என்று கைகாட்டுமுன் பக்கத்திலுள்ள கழிவுநீர்ச் சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் பழைய கல்நார்க் குழாயின் இணைப்புக்குள் வேர் நார் புகுந்து குழாய் கசிகிறது, கசிவால் மண் இளகியிருக்கிறது. குழாயை பி.வி.சி.க்கு மாற்றினால் பலாவை வெட்ட வேண்டியிராது. வெட்டத்தான் வேண்டும் என்றால் 1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனியார் மனையிலும் மர அலுவலரின் அனுமதி தேவை. சில இனங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை எழுத்தில் வாங்காமல் கோடரி வைக்கக் கூடாது.

தென்னை இரண்டில் ஒன்று பக்கத்து வீட்டு ஷீட் கூரை மேல் சாய்ந்திருக்கிறது. மட்டை விழுந்து உடைந்தால் புது ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும்.

புல்தரை ஆசை எல்லோருக்கும் வருகிறது. மாமரத்தடியில் புல் வராது. வெயில் விழும் இடம் சுமார் 1,000 சதுர அடி. கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நாலரை லிட்டர் என்றால் 420 லிட்டர், மாதம் 12,500. புல்லுக்கு மட்டும் இரண்டு டேங்கர். 2024 மார்ச்சில் தண்ணீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கு விடத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. புல்லை விட்டுவிட்டு மண்ணை மாவிலைச் சருகால் மூடி வைப்பதே மேல். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஏறும்; சருகைச் செடித்தண்டிலிருந்து அரையடி தள்ளிப் போட்டால் தொல்லை குறையும்.

19 நவம்பர், புதன்

தண்ணீர். காவிரி இணைப்பு உண்டு. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) முற்றத்தில். மழைநீர் சேகரிப்பு இல்லை. 2,400 சதுர அடிக்கு மேற்பட்ட மனையில் பழைய வீட்டுக்கும் அது கட்டாயம்; இல்லாவிட்டால் தண்ணீர் பில்லிலேயே அபராதம் ஏறும். கடைசி ஆறு பில்லைக் கேட்டு வாங்கினால் இது தெரிந்துவிடும்.

செய்வது கடினமில்லை. கூரை 153 சதுர மீட்டர். ஊரில் ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 1.19 லட்சம் லிட்டர் கிடைக்கும். ஓட்டுக்கூரைத் தண்ணீரைச் சம்புக்கும், மொட்டைமாடித் தண்ணீரைக் கிணற்றுக்கும் பிரித்து விடலாம். முதல் மழையின் அழுக்கைக் கழிக்க நேர்க்குழாயின் அடியில் மூடி போட்ட ஒரு கிளைக்குழாய் போதும். அந்த மூடியை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்துவிட வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கழிவுநீர் போகும் வழி: பின் பாத்ரூமிலிருந்து ரோட்டு மேன்ஹோல் வரை 90 அடி. நாலங்குலக் குழாய்க்கு 60க்கு 1 சரிவு என்றால் ஒன்றரை அடி இறக்கம் வேண்டும். இங்கே ஒரு அடிதான் கிடைக்கிறது, அடிக்கடி அடைப்பதற்கு அதுவே காரணம். ரோட்டு மேன்ஹோலின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் புதுக்குழாய் போட்டால் பணம் தண்டம்.

24 நவம்பர், திங்கள்

காகிதம். இந்த வீட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) இல்லாமல் இப்போது பத்திரப் பதிவு நடக்காது. வரைவு இ-காத்தாவை எடுத்துப் பார்த்தால் பரப்பு 6,000 சதுர அடி. பிரித்து விற்ற 1,040ஐக் கழிக்கவே இல்லை. முன்வீட்டுக்காரர் தனிக் காத்தா வாங்கியிருக்கிறார், தாய்க் காத்தாவில் மட்டும் திருத்தம் ஆகவில்லை. 'பெரிசாத்தானே இருக்கு, நல்லதுதானே' என்று விற்பவர் சொல்கிறார். நல்லதில்லை. காத்தா வரி கட்டுவதற்கான பதிவு, உரிமை பத்திரத்தில் இருக்கிறது. பத்திரமும் காத்தாவும் முரண்பட்டால் வங்கி கடன் தராது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலும் நிற்கும். திருத்தத்தை விற்பவர் தன் செலவில் முடித்துத் தர வேண்டும், அதுவும் மீதித் தொகைக்கு முன்பு. செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருக்கிறது; எந்த அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அடுத்து, அந்தப் பழைய விற்பனைப் பத்திரத்தின் நகலை வாங்கி, சொத்து விவர அட்டவணையை வரிவரியாகப் படிக்க வேண்டும். மூன்று கேள்விகள். 22 அடிக் கழுத்து முழுக்க இவர்களுக்குச் சொந்தமா, வழிநடை உரிமை மட்டுமா? முன்வீட்டாருக்கு அந்தச் சந்தில் நடக்கவோ குழாய் இழுக்கவோ உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? நான்கெல்லையில் அந்தப் பக்கம் 'மீதி மனை' என்று இருக்கிறதா, 'பொது வழி' என்றா? பொது வழி என்று இருந்தால் இந்த விலைக்கு வாங்கக் கூடாது. இதில் 'மீதி மனை' என்றே இருக்கிறது. ஆனால் முன்வீட்டின் கழிவுநீர்க் குழாய் சந்துக்குள் வந்து சேர்கிறது, பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வில்லங்கச் சான்று 2004 முதல் ஆன்லைனில் எடுக்கலாம். அதற்கு முந்தினது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கையால் தேட வேண்டும். முப்பது வருடமாவது பார்க்க வேண்டும். பதிவாகாத அக்ரிமென்ட், உயில், கோர்ட் வழக்கு எதுவும் அதில் வராது. வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் ஓனர் பெயர் போட்டுத் தனியாகத் தேட வேண்டும்.

வாரிசு மூன்று பேர், ஒருவர் வெளிநாட்டில். அவர் அனுப்பும் பவர் ஆஃப் அட்டர்னி அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும்.

28 நவம்பர், வெள்ளி

ஒயரிங் மரப்பட்டிக்குள் ஓடுகிறது, எர்த் ஒயர் இல்லை, பட்டியில் கறையான் வழி. முழுக்க மாற்ற வேண்டும், பேச்சே இல்லை.

2 டிசம்பர், செவ்வாய்

பணம். மூன்று கோடி என்று வைத்துக் கணக்கு: முத்திரை 5 சதவீதம் 15 லட்சம், அதன் மேல் செஸ் 10 சதவீதம் ஒன்றரை லட்சம், சர்சார்ஜ் 2 சதவீதம் 30,000, பதிவுக் கட்டணம் ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம் ஆனதால் 6 லட்சம். மொத்தம் 22.8 லட்சம். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். வழிகாட்டி மதிப்பு தெருவுக்குத்தான், முகப்பின் அகலத்துக்கு இல்லை. 22 அடி முகப்புக்கும் 60 அடி முகப்புக்கும் ஒரே ரேட்.

சந்தை அப்படிப் பார்ப்பதில்லை. பில்டருக்கு இந்த மனை பிடிக்காது: கழுத்தில் செட்பேக் (விதிப்படி காலியாக விட வேண்டிய இடம்) விட்டால் கார் போய் வர இடமில்லை, லாரி வராது. அவர் பக்கத்து அகல மனைக்குக் கொடுக்கும் ரேட்டை இதற்குக் கொடுக்க மாட்டார். குடியிருக்க நினைப்பவர் பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். விற்பவர் 'முன் குறுகி பின் அகன்றது கோமுக மனை, வாஸ்துப்படி உசத்தி' என்று ஏற்றுவார். அதே வாஸ்து இந்த மனையில் ஒரு மூலை வெட்டுப்பட்டிருப்பதை என்ன சொல்கிறது என்று கேட்டால் பேச்சு மறுபடி சதுர அடிக்கு வந்துவிடும்.

டி.டி.எஸ்., அதாவது வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. இந்தியாவில் இருக்கும் இரு வாரிசுகளின் பங்குக்கு 1 சதவீதம். ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம், பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். வெளிநாட்டு வாரிசின் பங்குக்கு இந்த 1 சதவீதம் செல்லாது. நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதமும் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்க வேண்டும், 2025 விதிப்படி வாங்குபவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான கணக்கு எண்) எடுக்க வேண்டும். அவர் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கி வந்தால் இரு பக்கத்துக்கும் நிம்மதி. விட்டுப்போனால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

6 டிசம்பர், சனி

அக்ரிமென்ட்டில் வழக்கமான ஷரத்துகளோடு இந்த வீட்டுக்கென்று சேர்க்க வேண்டியவை: காத்தா 4,960க்குத் திருந்திய பிறகே மீதித் தொகை. முன்வீட்டின் குழாயைப் பதிவுக்கு முன் ரோட்டுப் பக்கம் திருப்புவது, முடியாவிட்டால் அது அனுமதியால் மட்டுமே என்று முன்வீட்டார் கையெழுத்திட்ட கடிதம். மனையின் சாய்வைக் காட்டும் சர்வேயர் வரைபடம் பத்திரத்தோடு இணைப்பு. தேக்குக் கதவுகள், கண்ணாடி ஓடுகள், கொல்லையில் அடுக்கியிருக்கும் உபரி மங்களூர் ஓடுகள் (அதே அச்சு ஓடு கடையில் கிடைப்பது சிரமம்), கிணற்று மோட்டார் எல்லாம் வீட்டோடு சேர்த்தி என்று பெயர் சொல்லி எழுதுவது. எழுதாவிட்டால் சாவி கைமாறும் நாளில் கதவே இருக்காது. மாமரத்துக் காய்ப்பை யாருக்காவது குத்தகை பேசியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். ஜனவரியில் பூக்கும் முன்பே முன்பணம் கைமாறுவது உண்டு, ஏப்ரலில் பழக்காரர் கேட்டில் வந்து நிற்பார்.