வந்த ஆயிரம் டாலர திருப்பிக் கட்டுன கதை

போன வாரம் வாட்ஸாப்ல அமெரிக்க இன்கம் டாக்ஸ் பத்தி மறுபடியும் அதே ஃபார்வர்ட். "உங்க சம்பளம் லிமிட்ட தாண்டிருச்சா, காலேஜ் படிக்கற புள்ளைய உங்க ரிட்டர்ன்ல டிபெண்டன்டா (உங்கள நம்பி இருக்கறவங்களா) போடாதீங்க, அவங்கள தனியா ஃபைல் பண்ண விடுங்க, 1,000 டாலர் கையில வரும்." 2024 பிப்ரவரில இத நம்பித்தான் நான் மாட்டுனேன். வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல, அதான் எழுதறேன்.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். பொண்ணுக்கு அப்போ 20 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம். அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்னு காலேஜ் செலவுக்கு வரியில ஒரு சலுகை இருக்கு, மொத்தம் 2,500 டாலர் வரைக்கும், அதுல 40 சதவீதம், அதாவது 1,000 வரைக்கும், வரியே இல்லைன்னாலும் ரீஃபண்டா வரும். புருஷன் பொண்டாட்டி சேந்து ஃபைல் பண்ணா 1,80,000 வருமானத்தோட இது மொத்தமா போயிரும், எங்களுக்குப் போயிருச்சு. பொண்ணு 2023 சம்மர்லயும் அப்புறம் பார்ட் டைம்லயும் சேத்து 18,000 சம்பாதிச்சிருந்தா. சரி அவ பேர்லயே போடலாம்னு டாக்ஸ் போட்டுக் குடுக்கற ஒருத்தர்கிட்ட போனோம்.

அதுக்கு முன்னாடி 1098-டி (ஃபீஸ் கணக்குக்கு காலேஜ் குடுக்கற ஃபார்ம்) வேணுமேன்னு காலேஜுக்கு ஒரு நடை, போக வர நாலு மணி நேரம் டிரைவ், கவுன்டர்ல இருந்த அம்மா தலைய நிமித்தாமயே "போர்ட்டல்ல இருக்கு"ன்னுட்டாங்க. பார்க்கிங் லாட்ல உக்காந்து பொண்ணு ஃபோன்ல லாகின் பண்ணா, ஜனவரிலயே போட்டு வச்சிருக்காங்க. கடுப்புல திரும்பி வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசிக்கல.

டாக்ஸ்காரர் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டார். 150 டாலர். செலவுக்கு யார் பணம் குடுத்தா, யார் வீட்ல இருக்கா, ஒரு கேள்வி இல்ல. (இந்த கிரெடிட் போடணும்னா விசாரிச்சு 8867னு ஒரு ஃபார்ம் வைக்கணும்னு அவங்களுக்குச் சட்டமே இருக்கு, எனக்கு அப்போ தெரியாது.) மார்ச்ல பணம் அக்கவுன்ட்ல விழுந்துச்சு, பொண்ணு ஹெட்ஃபோன் வாங்கிட்டா.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, சிபிஏ (இங்கத்த ஆடிட்டர்), தோசைக்கு லைன்ல நிக்கும்போது நான் பெருமையா இத சொல்லப் போக, அவங்க "தம்பி, 8863ல லைன் 7 பாத்தியா?"ன்னாங்க. 8863ங்கறது இந்த கிரெடிட்டுக்காக ரிட்டர்னோட வைக்கற ஃபார்ம். வீட்டுக்கு வந்து பாத்தா அந்த லைன்ல ஒரு குட்டி கட்டம், 24 வயசுக்கு உள்ள இருந்து இன்ஸ்ட்ரக்‌ஷன்ல சொல்ற கண்டிஷன் பொருந்துனா டிக் பண்ணு, ரீஃபண்ட் கிடையாதுன்னு. நம்ம ஆளு டிக் பண்ணல.

அந்த கண்டிஷன் இதான்: 18 முடிஞ்சு 24 ஆகாத ஃபுல் டைம் ஸ்டூடன்ட், அவங்க உழைச்சு சம்பாதிச்சது அவங்க மொத்த பராமரிப்புச் செலவுல பாதிக்கும் கம்மி, அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருக்கணும், கல்யாணம் ஆகி ஜாயின்டா ஃபைல் பண்ணக்கூடாது. இது எல்லாமே பொருந்துனா அந்த 1,000 வராது. என் வீட்டுக்காரம்மா இத படிச்சுட்டு "அப்போ டிக் பண்ணாம விட்டது, நாம ரெண்டு பேரும் செத்துட்டோம்னா?"ன்னு கேட்டா. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

பாதிச் செலவு கணக்குதான் மிச்ச நம்பிக்கை. எக்செல் போட்டேன். ஃபீஸ், டார்ம், மீல் பிளான், இன்ஷூரன்ஸ், கார், ஃபோன், லீவுக்கு வீட்ல இருந்ததுக்கு ரூம் வாடகை மதிப்பு வரைக்கும், எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 40,000. பாதி 20,000, அவ சம்பாதிச்சது 18,000. ரெண்டாயிரத்துல போச்சு. 3,000 ஸ்காலர்ஷிப்ப அவ பங்கா காட்டலாமான்னு பாத்தேன், ஃபுல் டைம் ஸ்டூடன்டுக்கு அது இந்தக் கணக்குலயே வராது.

சரி, ரீஃபண்ட் இல்லைன்னாலும் வரிய கழிச்சுக்கலாம்ல? கழிச்சுக்கலாம். ஆனா 18,000ல, வரி இல்லாம கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 13,850 போனா மிச்சம் 4,150, அதுக்கு வரி 418 டாலர். அவ்ளோதான் லாபம். இந்த 418க்காக நாங்க அவள டிபெண்டன்டா போடாம இருந்தா எங்க ரிட்டர்ன்ல டிபெண்டன்டுக்குன்னு வர்ற 500 டாலர் கிரெடிட் போயிரும். அந்த ஃபார்வர்ட்ல இத யாராவது சொல்றாங்களா?

நல்ல வேளை, நாங்க இன்னும் ஃபைல் பண்ணல. அக்கா சொன்ன மாதிரி அவள நாங்களே டிபெண்டன்டா போட்டுக்கறதுன்னு முடிவு பண்ணி, பொண்ணு பேர்ல 1040-எக்ஸ், அதாவது திருத்தின ரிட்டர்ன், போட்டு, 8863ய தூக்கிட்டு, வந்த 1,000மும் வரில கழிச்ச 418ம் சேத்து 1,418 டாலர ஏப்ரல் 15க்கு முன்னாடியே ஆன்லைன்ல கட்டிட்டோம், வட்டி அபராதம்னு எதுவும் வரல. ஆனா எங்க ரிட்டர்ன ஈ-ஃபைல் பண்ணா ரிஜெக்ட், ஏன்னா அவளோட முதல் ரிட்டர்ன்ல "வேற ஒருத்தர் என்ன டிபெண்டன்டா போடலாம்"ங்கற கட்டத்தையும் அந்த மகராசன் டிக் பண்ணல. திருத்தினது ப்ராசஸ் ஆக மாசக்கணக்குல ஆகும். வேற வழியில்லாம பிரின்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, சர்ட்டிஃபைட் மெயில்ல அனுப்புனேன்.

அந்த டாக்ஸ்காரரோட சண்டை போடப் போனா "சார், எல்லாருக்கும் இப்டித்தான் போடறேன், யாரும் கேக்க மாட்டாங்க"ங்கறார். யாரும் கேக்க மாட்டாங்களா? வேணும்னோ அலட்சியமாவோ தப்பா வாங்குனா ரெண்டு வருஷத்துக்கு இந்த கிரெடிட்டே கிடையாதுன்னு தடை போடுவாங்க, மோசடின்னா பத்து வருஷம். அது விழறது ஃபைல் பண்ணவங்க தலையில. அதனால யார் போட்டுக் குடுத்தாலும் அவங்க கையெழுத்தும் பி-டின் நம்பரும் (காசுக்கு டாக்ஸ் போட்டுக் குடுக்கறவங்களுக்கான ஐஆர்எஸ் நம்பர்) இருக்கான்னு பாருங்க, 8863ய நீங்களே ஒரு தடவ படிங்க. டார்ம் வாடகைய படிப்புச் செலவுல சேத்திருந்தா எடுக்கச் சொல்லுங்க, புத்தகத்த விட்டிருந்தா, வெளிய வாங்கினதா இருந்தாலும், சேக்கச் சொல்லுங்க.

ஊர்லருந்து எம்எஸ் படிக்க வந்த தம்பி தங்கச்சிங்களும் கேக்கறாங்க. இது காலேஜ் முதல் நாலு வருஷத்துக்குத்தான், மாஸ்டர்ஸுக்குக் கிடையாது. எஃப்-1 ஸ்டூடன்ட் விசால இருந்து 1040-என்ஆர் (நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன்) போடறவங்க இத தொடவே தொடாதீங்க.

எங்க 500 ஒரு வழியா வந்து சேந்துச்சு. வந்த அன்னிக்கே பொண்ணு வென்மோ ஆப்ல (ஃபோன்லயே பணம் அனுப்பறது) 418 டாலருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிட்டா, "யுவர் ஐடியா, அப்பா"ன்னு ஒரு நோட்டோட.