ஸ்பேசர் போடும் தம்பிகளுக்கு
சுங்கை சிப்புட் பக்கம் மைவி காருக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் (சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தட்டு) போடும் தம்பிகளே, சக்கரத்தைப் பிடிக்கும் பழைய ஸ்டட் போல்ட்டிலேயே நட்டை மாட்டினால் சில சுற்றுதான் பிடிக்கும், அப்புறம் செம்பனை லோரி ஓடிக் குழி விழுந்த தோட்டச் சாலையில் டயர் தனியாகப் போகும். ஸ்பேசர் எவ்வளவு தடிப்போ ஸ்டட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், புரி (மரை) இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் நட் குறைந்தது 8 சுற்றாவது ஏறணும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் நடுப்பாகத்தில், இறுகும் பல் பகுதியின் விட்டமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வேலையே வேண்டாம். ஸ்டட்டில் வாஷர் அடுக்கி, ஒரு பழைய நட்டை முறுக்கி இழுங்கள், ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்பக்கம் ஒட்டி உட்காரும் வரை. (அந்த நட்டை அதோடு தூக்கிப் போட்டுவிடுங்கள்.) ஹப்பில் துரு இருந்தால் தேய்த்து எடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து நட்டுகளை மறுபடி பாருங்கள், கால் வைத்து மிதித்து இறுக்குவது கணக்கில் வராது.